குழி விழுந்த சாணைக்கல்லை எதில் தேய்ப்பது?

பட்டறைக் கேள்வி – பதில்

போன இதழில் உளி தீட்டுவதைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உளியைப் பற்றியே இல்லை, எல்லாம் கல்லைப் பற்றி. வாட்டர் ஸ்டோன் (தண்ணீர் விட்டுத் தீட்டும் சாணைக்கல்) வாங்கினேன், சீக்கிரமே நடுவில் குழி விழுந்துவிட்டது, அதை மட்டமாக்க என்ன வாங்கலாம் என்பதையே ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதற்குத்தான். மற்ற கேள்விகள் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியில் சின்ன அளவில் மரவேலை செய்கிறேன். ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 என்று (துகளின் நம்பர், எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) வாட்டர் ஸ்டோன் ஒன்று இருக்கிறது. 1000 பக்கம் நன்றாகவே பள்ளமாகிவிட்டது. தேடிப் பார்த்தால் கோடு போட்ட மட்டக்கல், டயமண்ட் பிளேட், கண்ணாடி மேல் வாட்டர் பேப்பர், கார்போரண்டம் பவுடர் என்று நாலு வழி சொல்கிறார்கள். எதை வாங்கட்டும்?
– வாசகர், கோவை

ஆன்லைனில் எதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். பக்கத்துக் கண்ணாடிக் கடையில் 10 அல்லது 12 மில்லிமீட்டர் கனக் கண்ணாடியில் வெட்டியது போக மிஞ்சிய துண்டு கிடக்கும், ஓர் அடிக்கு ஓர் அடி இருந்தால் தாராளம், விளிம்பை மட்டும் மழுக்கித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ‘டஃபன்ட்’ கண்ணாடி வேண்டாம். அதைச் சூடாக்கி உருளைகள் மேல் ஓட்டிப் பதமாக்குவதால் லேசான அலை விழுந்திருக்கும். சாதாரணக் கண்ணாடிதான் நமக்கு நல்லது. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தயாராகும் பலகை அது. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த முறை, இப்போது ஸ்ரீபெரும்புதூர் செயின்ட் கோபைன் ஆலையில் தயாராவதும் இதே முறையில்தான். நம் வேலைக்கு வேண்டிய மட்டத்தைவிட அதிக மட்டமாகவே இருக்கும்.

அப்புறம் பெயின்ட் கடையில் 220 நம்பர் வாட்டர் பேப்பர் சில தாள்கள். உப்புத்தாள் என்று கேட்டால் மரத்துக்குப் போடும் சாதாரணத் தாளைக் கொடுத்துவிடுவார்கள், அது தண்ணீர் பட்டதும் கூழாகிவிடும். கறுப்பாக, ஈரத்தைத் தாங்குகிற வாட்டர் பேப்பர் என்று சொல்லியே கேளுங்கள். ஈரத்துணி மேல் கண்ணாடி, கண்ணாடி மேல் தண்ணீர், அதன் மேல் தாள். தண்ணீரே தாளைப் பிடித்துக்கொள்ளும். கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டுவிட்டுத் தேயுங்கள். முன்னும் பின்னும் மட்டும் தேய்க்காமல் எட்டு போடுவதுபோல் சுற்றி, அவ்வப்போது கல்லின் முன்முனை பின்னால் வரும்படித் திருப்பிப் பிடித்துத் தேயுங்கள், இல்லாவிட்டால் கை அழுத்தம் விழும் பக்கம் மட்டும் இறங்கிவிடும். இரு முனையிலும் இருக்கும் பென்சில் கோடு முதலில் போகும், நடுவில் இருப்பது கடைசியில் போகும். எல்லாம் போனபின் இன்னொரு தடவை கட்டம் போட்டுத் தேய்த்து, இந்த முறை எல்லா இடத்திலும் கோடு ஒன்றாக மறைகிறதா என்று பாருங்கள். அதுதான் உண்மையான சோதனை.

இதில் இரண்டு குறை உண்டு. தாள் சீக்கிரம் மழுங்கும், பெரிய குழி என்றால் ஒரே கல்லுக்கு இரண்டு மூன்று தாள்கூடப் போகலாம். தாளின் ஓரம் தூக்கிக்கொண்டால் கல்லின் முனைகள் கூடுதலாகத் தேய்ந்து, மேல்பக்கம் மேடாகிவிடவும் வாய்ப்பு உண்டு. தாளை முழுதாக ஒட்டவைத்து, அதன் எல்லையைத் தாண்டாமல் தேய்த்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

சரி, மற்ற மூன்றையும் ஏன் தள்ளினேன்? கோடு போட்ட அந்த மட்டக்கல்லை நான் யாருக்கும் சொல்வதில்லை. சிலிக்கான் கார்பைடில் செய்த சொரசொரப்பான கல்தான் அது, உங்கள் கல்லைத் தேய்க்கும்போது தானும் தேயும். புதிதாக வரும்போதே மட்டமில்லாமல் வருகிறவையும் இருக்கின்றன. அதை மட்டமாக்க மறுபடி கண்ணாடியும் பவுடரும் வேண்டும். கண்ணாடியும் பவுடரும் இருக்கிறவருக்கு அந்தக் கல் எதற்கு? பவுடரும் டயமண்ட் பிளேட்டும் நல்ல வழிகள்தான், ஆனால் வேறு ஆட்களுக்கு. கீழே வருகின்றன.

நான் காய்கறிக் கத்தி தீட்ட மட்டும்தான் கல் வைத்திருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் தேவையா?
– வாசகி, மதுரை

தேவையில்லை அம்மா. கத்தியின் வாய் வளைந்தது, தீட்டும்போது நாமும் அதைக் கல் மேல் வளைத்துத்தான் இழுக்கிறோம், லேசான குழியால் வெண்டைக்காய் வெட்டுவதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. நடுக்கல்லிலேயே தேய்க்காமல் முனைகளையும் பயன்படுத்துங்கள், குழி விழுவதே தாமதமாகும். கத்தியைக் கல்லில் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிற அளவுக்குப் பள்ளமானால் அப்போது வாட்டர் பேப்பர் பார்த்துக்கொள்ளலாம்.

மேலே கேட்டவர் மாதிரி எனக்கும் ஒரு சந்தேகம். கல் எவ்வளவு மட்டமாக இருந்தால் போதும்? ஒரு முடி அளவு குழியால் என்ன ஆகிவிடப் போகிறது?
– வாசகர், நாகர்கோவில்

எதைத் தீட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கத்திக்குச் சொன்னேன். உளிக்கும் இழைப்புளிக்கும் கதை வேறு, இதைக் கொஞ்சம் கணக்கோடு சொன்னால்தான் புரியும்.

கல் 6 சென்டிமீட்டர் அகலம் என்று வையுங்கள். அந்த அகலத்தில் நடுவில் 0.2 மில்லிமீட்டர் குழி, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு. அதில் 5 சென்டிமீட்டர் அகல இழைப்புளி பிளேடைத் தீட்டினால், கல்லின் குழி பிளேடில் மேடாக இறங்கும், அதாவது வாயின் நடுப்பகுதி முன்னே துருத்திக்கொண்டு நிற்கும். நல்ல இழைப்பில் சுருளின் கனம் 0.05 மில்லிமீட்டர் இருந்தால், பிளேடின் அகலத்தில் ஏறக்குறையப் பாதிதான் மரத்தைத் தொடும். சுருள் இரண்டு அங்குலத்துக்குப் பதில் ஓர் அங்குலத்தில் வரும், பலகையில் ஓடை ஓடையாகத் தடம் விழும், நீங்கள் இழைப்புளியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். மூட்டு ஒட்டுவதற்குப் பலகை ஓரத்தை நேராக்கும்போது இது இன்னும் தொல்லை. ஆரம்ப இழைப்புக்கு வேண்டுமென்றே வாயை வளைத்துத் தீட்டுகிறவர்கள் உண்டு, அது வேறு விஷயம். அங்கே வளைவு நம் கையில் இருக்கிறது.

உளியின் முதுகுப் பக்கம், அதாவது சரிவு இல்லாத தட்டைப் பக்கம், இதைவிடக் கண்டிப்பானது. முதுகு மட்டமாக இருந்தால்தான் உளி மரத்தோடு ஒட்டி நேராகப் போகும், குழிக்கல்லில் முதுகைத் தேய்த்தால் முதுகு உருண்டுவிடும். உருண்டதைத் திரும்ப மட்டமாக்குவது அரை நாள் வேலை.

கவனிக்க வேண்டியது நீளவாக்குக் குழியைவிட அகலவாக்குக் குழியை. எட்டு அங்குல நீளத்தில் பரவிய அதே 0.2 மில்லிமீட்டர் குழி, ஓர் அங்குல உளியின் அகலத்துக்குள் வரும்போது ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆனால் எல்லோரும் ஸ்கேலை நீளவாக்கில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். நல்ல ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் என்று நாலு வாட்டத்திலும் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மூலைவிட்டம் ஒன்றில் வெளிச்சம் தெரிந்து மற்றதில் தெரியவில்லை என்றால் கல் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்பா தச்சு வேலை செய்தவர். அவர் விட்டுப்போன பழைய கார்போரண்டம் கல் தோணி மாதிரி குழிந்து கிடக்கிறது, எண்ணெய் ஊறிக் கறுத்துவிட்டது. நீங்கள் சொல்லும் வாட்டர் பேப்பரில் ஒரு மணி நேரம் தேய்த்தும் அசையவில்லை.
– வாசகர், காரைக்குடி

அசையாது. வாட்டர் ஸ்டோன் மிருதுவான கல், மழுங்கிய துகளை உதிர்த்துவிட்டுப் புதுத் துகளை மேலே கொண்டுவருவதுதான் அதன் குணம், அதனால்தான் வேகமாகவும் தீட்டும், வேகமாகவும் தேயும். உங்கள் அப்பாவுடையது எண்ணெய் விட்டுத் தீட்டும் ஆயில் கல், அது அப்படியில்லை. துகள்களை இறுக்கிச் சுட்ட கல் அது, ஒரு தலைமுறை உளி தீட்டித்தான் அந்தக் குழியே விழுந்திருக்கும். அதைத் தாள் எடுக்காது, டயமண்ட் பிளேட்டைக் கொண்டுபோய் அதில் தேய்த்தால் பிளேட்டுதான் வீணாகும்.

இங்கேதான் உதிரிப் பவுடர் வருகிறது. கார்போரண்டம் என்று நாம் சொல்வது சிலிக்கான் கார்பைடு, 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் உண்டாக்கியது. நம் ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு 1954-இல் சென்னையில் முருகப்பா குழுமம் வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டாகத் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலும் ஒரு காரணம் என்பது என் ஊகம். கடினத்தில் வைரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் பொருள். சாணைச் சாமான் விற்கும் கடைகளில் பவுடராகவே கிடைக்கும். 60 அல்லது 80 நம்பர் வாங்குங்கள், கடைசியில் தேய்க்க 120 கொஞ்சம்.

முதலில் கல்லை மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறப்போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். ஒரு முறையில் போகாது, மண்ணெண்ணெயை மாற்றி மறுபடி ஊறவையுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காத ஊர் என்றால் டீசல். திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் வைத்துச் செய்யுங்கள். அப்புறம் கனக் கண்ணாடி மேல் ஒரு சிட்டிகைப் பவுடர், கொஞ்சம் தண்ணீர், கல்லைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். துகள்கள் கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உருண்டு உருண்டு கல்லைக் கொத்தி எடுக்கும். முதலில் கரகரவென்று சத்தம் கேட்கும், சத்தம் அடங்கினால் பவுடர் நொறுங்கிவிட்டது, சேற்றைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பொறுமையாகச் செய்தால் ஒரு விடுமுறை நாள் பிற்பகல் போகும். கண்ணாடியும் தேயும் என்பதை மறக்காதீர்கள், நடுவிலேயே தேய்க்காமல் முழுப் பரப்பிலும் தேயுங்கள். அது குழிந்துவிட்டால் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம். ஜப்பானில் இதே வேலையை இரும்புத் தகட்டின் மேல் செய்வார்கள்.

பவுடர் கிடைக்கவில்லை என்றால் ஆட்டோ உதிரிபாகக் கடையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கேளுங்கள், ரஃப் வேண்டும் என்று சொல்லுங்கள். மெக்கானிக்குகள் எஞ்சின் வால்வை உட்காரவைக்கப் பயன்படுத்துவது. பசை பிசுபிசுப்பானது என்பதால் ஆயில் கல்லுக்கு மட்டும், வாட்டர் ஸ்டோன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அதுவும் முடியாதென்றால் கடுமையான குழியை மட்டும் சிமென்ட் தரையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் குறைத்துவிட்டு, கடைசி மட்டத்தைக் கண்ணாடியில் எடுக்கலாம். வாசற்படிக் கருங்கல்லில் தேய்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள், அந்தப் படியே பல வருஷக் காலடியில் குழிந்து கிடக்கும்.

உங்கள் அப்பாவின் கல்லைப் பற்றி இன்னொன்று. அதில் இரண்டு பக்கம் இருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் மட்டமாக்கிவிட்டு, குழிந்த பக்கத்தை அப்படியே விட்டுவிடலாம். வளைந்த வாய் உள்ள குடைவு உளிகளுக்கு அந்தக் குழி உதவும்.

அம்மி கொத்துகிறவர் தெருவில் வருகிறார். அவரிடம் கொடுத்தால் சரி செய்துவிடுவாரா?
– வாசகர், திண்டுக்கல்

வேண்டாம் சாமி. அவர் வேலை வழவழப்பைச் சொரசொரப்பாக்குவது.

இரண்டு சாணைக்கல்லை ஒன்றோடொன்று தேய்த்தாலே மட்டமாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். தனியாக ஒன்றும் வாங்கவே வேண்டாமாம்.
– வாசகர், ஈரோடு

பாதி உண்மை. இரண்டு கல்லைத் தேய்த்தால் அவை ஒன்றுக்கொன்று பொருந்தும், மட்டமாகும் என்று உறுதியில்லை. பெரும்பாலும் கீழே இருப்பது ஒருவிதமாகவும் மேலே இருப்பது எதிர்விதமாகவும் வளைந்து, ஒன்று மேடும் ஒன்று குழியுமாகக் கச்சிதமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒட்டிக்கொள்கிறதே என்று ஏமாந்துபோவோம்.

மூன்று கல் இருந்தால் கதை மாறும். முதலாவதை இரண்டாவதோடு, இரண்டாவதை மூன்றாவதோடு, மூன்றாவதை முதலாவதோடு என்று மாற்றி மாற்றித் தேய்த்தால் மூன்றும் சேர்ந்து ஒன்றுக்கொன்று பொருந்துவதற்கு ஒரே வழிதான் உண்டு, மூன்றும் மட்டமாவது. ஒன்று மேடாக இருந்தால் மற்ற இரண்டும் குழியாக இருக்க வேண்டும், ஆனால் குழியும் குழியும் பொருந்தாதே. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1840-இல் கிளாஸ்கோவில் படித்த கட்டுரை இந்த மூன்று தகட்டு முறையைப் பற்றியதுதான், எஞ்சினியரிங் பட்டறைகளில் மட்டம் பார்க்க வைத்திருக்கும் சர்ஃபேஸ் பிளேட்டுகளெல்லாம் அந்த வழியில் வந்தவை. அவர் தகடுகளை அரைக்காமல் ஒட்டும் இடத்தைப் பார்த்துச் சுரண்டினார் என்பது வித்தியாசம்.

ஆக நண்பர் சொன்னது மூன்று கல்லும், அவை ஏறக்குறைய ஒரே ரகமும், நிறையப் பொறுமையும் இருந்தால் நடக்கும். 1000 கல்லை 6000 கல்லோடு மட்டும் தேய்த்துவிடாதீர்கள், 1000-இன் சொரசொரத் துகள் 6000-இல் பதிந்து உளியின் வாயில் கீறல் போட்டுக்கொண்டே இருக்கும்.

நான் வாரா வாரம் தீட்டுகிறவன். வாட்டர் பேப்பர் வாங்கி வாங்கி அலுத்துவிட்டது. டயமண்ட் பிளேட் வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? சில நூறு ரூபாய்க்கும் இருக்கிறது, பல ஆயிரத்துக்கும் இருக்கிறது.
– வாசகர், பெங்களூரு

உங்களுக்கு டயமண்ட் பிளேட் சரியான செலவு. மூன்று விஷயம் பாருங்கள்: அடித்தகடு, மட்டம், துகளின் பருமன்.

சில நூறு ரூபாய்க்கு வருவது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கன இரும்புத் தாளில் தேன்கூடு மாதிரி ஓட்டை போட்டு வைரத்துகள் ஒட்டியது. தாள் வளைந்தால் மட்டம் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே வாங்கியிருந்தால் பாலிஷ் கிரானைட் துண்டு அல்லது கனக் கண்ணாடி மேல் எப்பாக்ஸியால் ஒட்டி, கனமான பொருளை மேலே வைத்துக் காயவையுங்கள், ஓரளவு உருப்படும். விலை உள்ளவற்றில் கனமான அலுமினியத்திலோ இரும்பிலோ அடித்தகடு இருக்கும். ஜப்பானின் அட்டோமா 140 இந்த வேலைக்கே பெயர் பெற்றது, வைரத்துகள்கள் சின்னச் சின்னக் கொத்தாக அமைந்திருப்பதால் நடுவில் சேறு ஓட வழியுண்டு, தேய்ந்தபின் மேல்தாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவின் டிஎம்டி நிறுவனம் கல் மட்டமாக்குவதற்கென்றே 10 அங்குலத்துக்கு 4 அங்குல அளவில் ஒரு பிளேட் விற்கிறது, அங்குலத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குள் மட்டம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு கல் என்றால் அது யானை விலை. அகலமான கல் நாலைந்து வைத்திருப்பவருக்குப் பொருந்தும். எந்த பிளேட்டாக இருந்தாலும் உங்கள் கல்லைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை. கையில் பிளேட்டைப் பிடித்து, கீழே வைத்த கல் மேல் எல்லாப் பக்கமும் தேய்க்கலாம்.

துகள் 140 அல்லது அதன் பக்கத்தில் வாங்குங்கள். 400, 600 என்று வாங்கினால் வழுக்கிக்கொண்டு ஒட்டும், வேலை நகராது. புது பிளேட்டில் சில துகள்கள் மற்றவற்றைவிடத் தூக்கி நிற்கும், முதல் சில தடவைகள் கல்லில் ஆழமான கோடு விழும், அது போகப் போகச் சரியாகிவிடும், கையை அழுத்தாதீர்கள்.

வைரத்துகளைத் தகட்டோடு பிடித்து வைத்திருப்பது நிக்கல் பூச்சு. வைரத்துக்கு ஒன்றும் ஆகாது, நிக்கல்தான் பலவீனமான இடம். 220, 400 மாதிரி ரஃப் கற்களை இந்த பிளேட்டில் தேய்த்தால் அவற்றிலிருந்து உதிரும் பெரிய துகள்கள் உருண்டு நிக்கலைச் சுரண்டி வைரத்தைக் கழற்றிவிடும். ரஃப் கல்லுக்குக் கண்ணாடியும் பவுடரும், 1000-க்கு மேல் பிளேட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தேய்த்தால் சேறு தங்காமல் போகும், ஆயுசும் கூடும். உதிரிப் பவுடரை பிளேட்டின் மேல் போடவே போடாதீர்கள்.

6000 கல்லை மட்டமாக்கும்போது தகட்டோடு பச்சக்கென்று ஒட்டிக்கொள்கிறது, பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மட்டமாக்கியபின் தீட்டினால் உளியில் கீறலும் விழுகிறது.
– வாசகர், சிங்கப்பூர்

ஒட்டுகிறது என்றால் நடுவில் காற்று இல்லாத அளவுக்கு மட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பிய்க்காதீர்கள், ஓரத்துக்கு வழுக்கி எடுங்கள். தண்ணீர் இன்னும் தாராளமாக ஊற்றுங்கள்.

கீறலுக்குக் காரணம் தாளிலிருந்தோ 1000 பக்கத்திலிருந்தோ வந்த துகள். இரண்டு பக்கக் கல் என்றால் எப்போதும் 6000 பக்கத்தை முதலில் மட்டமாக்கிக் கழுவிவிட்டு, பிறகு 1000-க்கு வாருங்கள். 6000-க்கு 400 நம்பர் தாள் போதும். கல்லின் நாலு விளிம்பையும் லேசாகச் சாய்த்து மழுக்கிவிடுங்கள், கூரான விளிம்பு உடைந்து விழும் பொடியும் இதே கீறலைப் போடும். பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு குழாயடியில் கழுவுங்கள்.

ஆங்கிள் கிரைண்டரில் டயமண்ட் கப் வீல் போட்டு ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடலாமே?
– வாசகர், ஓசூர்

கல்லையும் முடித்துவிடலாம். கையில் பிடித்த கிரைண்டர் மட்டம் தராது, சூட்டில் கல் விரிசல் விடும், அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை. இந்த வேலையை எப்போதும் ஈரத்தில் செய்யுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை மட்டமாக்க வேண்டும்?
– வாசகி, புதுச்சேரி

நாள் கணக்கு வேண்டாம். வாட்டர் ஸ்டோனில் உளி தீட்ட உட்காரும் ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கும் முன் பென்சில் கட்டம் போட்டு, இருபது முப்பது தேய்ப்பு. ஒரு நிமிடம்கூட ஆகாது, கல்லும் மிகக் கொஞ்சம்தான் குறையும். குழி பெரிதாகட்டும் என்று விட்டுவைத்தால் அந்தக் குழியின் ஆழத்துக்கு முழுக் கல்லையும் தேய்த்து எறிய வேண்டியிருக்கும். இழைப்புளியும் உளியும் ஒரே நாளில் தீட்டுகிறீர்கள் என்றால் அகலமான பிளேடை முதலில் தீட்டுங்கள், கல் அப்போதுதான் புதிதாக மட்டமாக இருக்கும். கால் அங்குல உளியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், சின்ன உளிதான் நடுவில் குழி பறிப்பதில் கில்லாடி.